டிவிக்குக் கீழே தூங்கும் பிளேஸ்டேஷன்: படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு கேம் அறிமுகம்

பிளேஸ்டேஷன் இருக்கும் வீட்டிலெல்லாம் கேம் ஆடுகிறவர் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். வட்டு போட்டுப் படம் பார்க்கவே அதை வாங்கியவர்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டு ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தபோது விலை 39,800 யென். டிவிடியும் ஓடும் என்பதால் பலருக்கு அதுதான் வீட்டின் முதல் டிவிடி பிளேயர். 2006 ஜூனில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சாம்சங்கின் முதல் புளூரே பிளேயர் ஏறக்குறைய 1,000 அமெரிக்க டாலர். அதே ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது 499, 599 என்ற இரண்டு விலைகளில். பாதி விலையில் புளூரே பிளேயர், கூடவே கேம் இலவசம் என்பது மாதிரிதான். 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்ட பிறகு புளூரேக்குப் போட்டியே இல்லை. அப்படி வாங்கிய பெட்டிகளும், அவற்றின் அடுத்தடுத்த தலைமுறைகளும் இன்றும் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஹால்களில் இருக்கின்றன. கன்ட்ரோலர் மட்டும் டிவி மேசை இழுப்பறையில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும்.

அந்தக் கன்ட்ரோலரை வெளியே எடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இது. ஒலி, ஒளி எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட கேமில் முதல் அரை மணி நேரத்திலேயே "இது நமக்கு ஒத்துவராது" என்று எழுந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டே இரண்டு. டிவி இன்னும் படத்துக்கான செட்டிங்கிலேயே இருக்கிறது. கேமராவைத் திருப்புவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

உங்களிடம் இருப்பது எது?

பெட்டியை முதலில் அடையாளம் காண வேண்டும். பிளேஸ்டேஷன் 4 டிவிடி, புளூரே இரண்டையும் ஓட்டும். அதைவிடத் துல்லியமான 4கே புளூரே வட்டு ஓடாது. 'புரோ' என்று பெயர் இருந்தாலும் பிளேஸ்டேஷன் 4 புரோவிலும் ஓடாது. 4கே கேம் ஆடும் பெட்டியில் 4கே வட்டும் ஓடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. வட்டுப் பகுதி உள்ள பிளேஸ்டேஷன் 5இல் ஓடும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்றால் ஒன் எஸ், ஒன் எக்ஸ், வட்டுப் பகுதி உள்ள சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் ஓடும். ஆனால் புளூரே செயலியை முதலில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சீரிஸ் எஸ்ஸில் வட்டு போடவே இடமில்லை. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல், புரோ இரண்டும் வட்டுப் பகுதி இல்லாமல்தான் வருகின்றன. 2023 இறுதியில் வந்த மெலிந்த வகைக்கும் புரோவுக்கும் வட்டுப் பகுதியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பொருத்திய பிறகு அதைப் பதிவு செய்ய ஒரு முறை இணையம் தேவை.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த தமிழ்ப் பட வட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உலகை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்து வட்டு இன்னொன்றின் பெட்டியில் ஓடாதபடி பூட்டியிருப்பார்கள். டிவிடியில் சிங்கப்பூர் 3ஆம் வட்டாரம், இந்தியா 5. புளூரேயில் சிங்கப்பூர் 'ஏ', இந்தியா 'சி'. உறையின் பின்புறம் 'ஆல்' என்றோ 0 என்றோ போட்டிருந்தால் கவலையில்லை. இந்தியாவிலிருந்து வரும் டிவிடிகள் பல அப்படித்தான் இருக்கும். இந்தியாவின் 5 அல்லது 'சி' மட்டும் அச்சாகியிருந்தால் இங்கே வாங்கிய பெட்டி அந்த வட்டை மறுத்துவிடும். 4கே புளூரேக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. விசிடி பிளேஸ்டேஷன் 5இல் ஓடாது, ஏனென்றால் அது சிடி வகை வட்டு எதையுமே படிப்பதில்லை. பாட்டு சிடிக்கும் அதே கதிதான்.

பிளேஸ்டேஷன் 4 கேம் வட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே 5இல் ஓடும். பிளேஸ்டேஷன் 3இன் கேம் வட்டு ஓடாது. கரோசல் இணையச் சந்தையில் பழைய வட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடுவதற்கு முன் உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தி, படம் அசையும்வரை

படம் பார்க்கும்போது டிவி செய்யும் ஒரு வேலை நம் கண்ணுக்கே தெரியாது. வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் (அசையும் காட்சியின் ஒரு தனிப் படம்) வாங்கி வைத்துக்கொண்டு, புள்ளி இரைச்சலைத் துடைத்து, வண்ணம் கூட்டி, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே புதிதாக ஒன்றைத் தானே வரைந்து, அப்புறம்தான் திரையில் காட்டும். இந்தச் சமையலுக்குச் சில டிவிகள் 100 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். படத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒலியையும் அதே அளவு தாமதித்தால் போதும், வாயசைவு பொருந்திவிடும். பார்ப்பவர் எதையும் அழுத்தவில்லை, அதனால் தாமதம் அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

கேமில் கதை வேறு. பெரும்பாலான கேம்கள் ஒரு நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் காட்டுகின்றன. 60 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டு. டிவி 100 மில்லிசெகண்டு பின்தங்கினால் நீங்கள் பார்ப்பது ஆறு ஃபிரேம் பழைய காட்சி. பள்ளத்தின் விளிம்பில் பாத்திரம் நிற்கிறது, சரியான நேரத்தில் பொத்தானை அழுத்துகிறீர்கள், ஆனால் கேமின் கணக்கில் அது ஏற்கெனவே விளிம்பைத் தாண்டிவிட்டது. விழுகிறது. மறுபடி முயல்கிறீர்கள், மறுபடி விழுகிறது. இப்படி பத்து முறை விழுந்தவர் டிவியைக் குறை சொல்ல மாட்டார்; தன் கையைத்தான் குறை சொல்வார்.

மருந்து எளிது. டிவி ரிமோட்டில் படத்துக்கான தேர்வுகளைத் திறந்து 'கேம் மோட்' வையுங்கள். புதிய டிவிகளில் தாமதம் 10, 20 மில்லிசெகண்டு அளவுக்கு இறங்கிவிடும். வித்தியாசத்தைக் கையாலேயே சோதிக்கலாம். பிளேஸ்டேஷனின் முகப்பு மெனுவில் வலது அம்பை டக், டக், டக் என்று தட்டுங்கள். விரல் எடுத்த பிறகும் தேர்வுப் பெட்டி நகர்ந்துகொண்டிருப்பது போலத் தெரிந்தால் டிவி இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறது. கேம் மோடுக்கு மாற்றிவிட்டு அதே தட்டு. இப்போது பெட்டி விரலோடு ஒட்டிக்கொண்டு நகரும்.

சில டிவிகளில் 'ஆட்டோ லோ லேட்டன்சி' அல்லது ஏஎல்எல்எம் என்று ஒரு வசதி இருக்கும். கேம் தொடங்கினால் டிவி தானே மாறிக்கொள்ளும். இல்லாவிட்டால் கையால் மாற்ற வேண்டும், படத்துக்குத் திரும்பும்போது மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் வேண்டும். அடுத்த சனிக்கிழமை புளூரே போட்டதும் "படம் என்ன இப்படி வெளிறிக் கிடக்கு" என்று யாராவது கேட்டால் விடை பெரும்பாலும் அதுதான். புரொஜெக்டர் வைத்திருப்பவர்களும் அதன் மெனுவில் இதே தேர்வைத் தேட வேண்டும். கோணலாக விழும் படத்தைச் சதுரமாக்கும் 'கீஸ்டோன்' திருத்தம் போட்டிருந்தால் சில புரொஜெக்டர்களில் தாமதம் இன்னும் கூடும். கருவியையே நேராக வைத்து அதை அணைத்துவிடுவது நல்லது.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் விஷயத்திலும் படமும் கேமும் பிரிந்து போகின்றன. படத்தின் வெளிச்சத்தை ஸ்டுடியோவில் ஒருவர் முடிவு செய்து வட்டில் எழுதிவிட்டார். கேம் ஒவ்வொரு காட்சியையும் அந்தக் கணத்தில் வரைவதால், உங்கள் டிவியின் உச்ச வெளிச்சம் எவ்வளவு என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் 'ஸ்கிரீன் அண்ட் வீடியோ'வுக்குள் 'அட்ஜஸ்ட் எச்டிஆர்' என்று இருக்கும். திரையில் ஒரு சூரியன் சின்னம் வரும். அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதை டிவி கேம் மோடில் இருக்கும்போது செய்யுங்கள், பட மோடில் செய்தால் அளவு தப்பிவிடும். அங்கேயே எச்டிஆரை 'ஆதரிக்கும்போது மட்டும்' என்று வைத்தால் பழைய டிவிடிகள் கண் கூசும் நிறத்தில் வராது. டிவியின் எச்டிஎம்ஐ துளைக்கும் எச்டிஆர் அனுமதி தனியாகத் தர வேண்டியிருக்கும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்' என்ற பெயர்களில் அது ஒளிந்திருக்கும்.

ஒலி எங்கே சிக்கும்

ஸ்பீக்கர்களை இயக்கும் பழைய ஏவி ரிசீவர் வழியாக எல்லாவற்றையும் செலுத்தியிருக்கும் வீடுகளில் ரிசீவர் 1080பி தரத்துக்கு மேல், அதாவது 4கே படத்தை, கடத்தாமல் போகலாம். அப்போது பெட்டியை நேராக டிவியில் செருகி, ஒலியை டிவியின் ஏஆர்சி என்று குறித்த எச்டிஎம்ஐ துளை வழியே ரிசீவருக்கோ சவுண்ட்பாருக்கோ திருப்பி அனுப்புங்கள். சாதாரண ஏஆர்சி, அமுக்கிய டால்பி ஒலியைத் தாங்கும், அமுக்காத 5.1 ஒலியையோ புளூரேயின் ட்ரூஎச்டியையோ தாங்காது, அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும். சாதாரண ஏஆர்சி மட்டும் இருந்தால் பெட்டியின் ஒலி வடிவத்தை 'லீனியர் பிசிஎம்'மில் விடாதீர்கள், இரண்டே ஸ்பீக்கரில்தான் சத்தம் வரும். 'டால்பி' என்று மாற்றினால் பின் ஸ்பீக்கர்கள் உயிர்பெறும். வட்டில் ஓடும் படத்துக்கு இது தனி: படம் ஓடும்போது கன்ட்ரோலரில் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி அங்கே 'பிட்ஸ்ட்ரீம்' தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாயசைவுக்காக ரிசீவரில் நீங்கள் எப்போதோ வைத்த 'ஆடியோ டிலே' எண்ணை கேமுக்கு 0 ஆக்குங்கள். டிவி இப்போது வேகமாகிவிட்டது. பழைய எண் இருந்தால் வாள் பட்ட பிறகு சத்தம் கேட்கும். புளூடூத்தில் இணைத்த சவுண்ட்பார் கேமுக்கு வேண்டாம். அதன் தாமதத்தை எந்த செட்டிங்காலும் முழுக்கத் துடைக்க முடியாது.

வலது கட்டைவிரல்தான் கேமராமேன்

டிவியைச் சரிசெய்தாயிற்று. இனி கை.

படத்தில் கேமராவை வேறொருவர் பிடித்திருக்கிறார். கதாநாயகன் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதை அவரே திரும்பிக் காட்டுவார். முப்பரிமாண கேம்கள் பலவற்றில் அந்த ஆள் கிடையாது, அவருடைய வேலையும் உங்கள் தலையில்தான். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குச்சி, அதாவது ஸ்டிக், இரண்டு உண்டு. இடது ஸ்டிக் கால், வலது ஸ்டிக் கழுத்து. ஆடிப் பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி என்பதால் அதைச் சொல்லித் தரவே மறந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அங்க பாருங்க மாமா, அங்க பாருங்க" என்று கத்துவதால் பயனில்லை. மாமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும், எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியாது.

புதியவர் ஆடுவதைக் கவனித்தால் ஒரே வரிசை தெரியும். இடது ஸ்டிக்கை முழுக்கத் தள்ளி ஓடுவார். சுவரில் முட்டுவார். திரும்ப வேண்டும் என்று வலது ஸ்டிக்கைத் தொடுவார். அது கொஞ்சம் மேலேயும் போய்விடும், கேமரா கூரையைப் பார்க்கும். பதறிக் கீழே இழுப்பார், தரை தெரியும். இதற்குள் இடது விரல் தானாக விட்டுப்போயிருக்கும். நின்றுவிடுவார். கூரை, தரை, சுவர் என்று ஐந்து நிமிடம் பார்த்தால் யாருக்கும் அலுப்புத்தான் வரும்.

இதற்குப் பத்து நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு. எதிரிகள் இல்லாத திறந்த வெளியில் பாத்திரத்தை நிறுத்துங்கள். ஒரு மரத்தையோ தூணையோ தேர்ந்தெடுங்கள். முதலில் ஓடாமல் நின்றபடியே வலது ஸ்டிக்கால் மட்டும் அந்தத் தூணைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இடது ஸ்டிக்கை இடப்பக்கம் லேசாகத் தள்ளி, தூண் நடுவைவிட்டு விலகாதபடி வலது ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டே தூணைச் சுற்றுங்கள். கோயிலில் பிரகாரம் சுற்றும்போது கண் சன்னிதியைவிட்டு அகலாமல் இருப்பது மாதிரி. மூன்று சுற்று இப்படி, மூன்று சுற்று எதிர்த் திசையில். இது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் பார்வை மேலே போக வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பதில் மனிதர்கள் இரண்டு கட்சி. திரும்பத் திரும்ப தவறான பக்கமே போகிறது என்றால் நீங்கள் மற்ற கட்சி; கேமின் செட்டிங்கில் 'இன்வர்ட் ஒய்' என்பதை மாற்றிவிடுங்கள். கேமராவின் வேகமும் அங்கேயே இருக்கும். தொடக்கத்தில் பாதியாகக் குறைத்து வைத்தால் கூரையைப் பார்ப்பது நின்றுவிடும்.

பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிளேஸ்டேஷன் 5இல் பெருக்கல் குறி என்றால் சரி, வட்டம் என்றால் திரும்பிப் போ. முன்விளிம்பில் இரண்டிரண்டாக நான்கு: எல்1, எல்2, ஆர்1, ஆர்2. ஒன்றே ஒன்று எல்லோரையும் ஏமாற்றும். திரையில் 'எல்3' என்று வரும். கன்ட்ரோலர் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு பொத்தான் கிடைக்காது. இடது ஸ்டிக்கையே உள்ளே அழுத்துவதுதான் எல்3, வலது ஸ்டிக்கை அழுத்துவது ஆர்3. பிளேஸ்டேஷன் 5இன் எல்2, ஆர்2 சில இடங்களில் வேண்டுமென்றே இறுகும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் கன்ட்ரோலர் செட்டிங்கில் அந்த இறுக்கத்தையும் அதிர்வையும் அணைத்துவிடலாம்.

தலை சுற்றினால்? திரை அசைகிறது என்று கண் சொல்கிறது, உடம்பு சோபாவில்தான் இருக்கிறது என்று சமநிலையை உணரும் உட்காது சொல்கிறது. அந்த முரணில்தான் குமட்டல் வருகிறது. இங்கே ஹோம் தியேட்டர் பழக்கம் எதிரி. படத்துக்கு விளக்கை அணைப்பீர்கள். கேமுக்கு விளக்கைப் போடுங்கள், திரையைச் சுற்றிச் சுவர் கண்ணில் பட வேண்டும். ஒரு சாண் பின்னால் தள்ளி உட்காருங்கள். செட்டிங்கில் 'மோஷன் பிளர்', 'கேமரா ஷேக்' இரண்டையும் அணையுங்கள். லேசாக ஒரு மாதிரி இருக்கிறது என்று தோன்றிய உடனே நிறுத்திவிட வேண்டும். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று இரவு முழுக்கத் தலை கனக்கும்.

எதில் தொடங்குவது

பிளேஸ்டேஷன் 5 என்றால் தேட வேண்டாம், 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' பெட்டிக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. கன்ட்ரோலரைச் சொல்லித் தருவதற்கென்றே செய்த கேம் அது. மழையில் நடந்தால் துளி விழுவது கையில் உணரும். கேமராவும் அவ்வளவு தொந்தரவு செய்யாது. விழுந்தால் சற்று முன்பிருந்தே மறுபடி தொடங்கும்.

கேமராவே வேண்டாம் என்பவர்களுக்கு 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அம்மாவின் கைப்பட எழுதிய சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கும், அந்த இடங்களை யோசித்து நிரப்பிச் சமைப்பதுதான் ஆட்டம். முதல் பாடம் இட்லி. கேம் ஆடிப் பழகிய வெளிநாட்டுக்காரர் அங்கே தடுமாறுவார், கன்ட்ரோலரையே தொடாத நம் வீட்டுப் பாட்டி பார்த்த மாத்திரத்தில் விடை சொல்வார். ஒரு படத்தின் நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 4இல் வராது, 5 வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுபவர் ஆடப்போகிறார் என்றால் 'ஜர்னி'. 2012இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது, பின்னர் 4க்கும் வந்தது, 5இலும் ஓடும். கதை முழுக்க ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. பாலைவனம், தொலைவில் ஒரு மலை, அங்கே போய்ச் சேர வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இதை இசைக்காகவே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம்.

தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர் என்றால் 'ஓவர்குக்ட்'. நான்கு பேர் ஒரே சமையலறையில் நறுக்கி, வேகவைத்து, பரிமாற வேண்டும். கேமரா நிலையாக நிற்கும், பொத்தானும் மிகக் கொஞ்சம். ஆனால் ஒன்று: ஐந்தாவது நிமிடத்தில் யாராவது யாரையாவது அதட்டியிருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குவது உத்தமம்.

கணவன் மனைவி சேர்ந்து ஆட 'இட் டேக்ஸ் டூ'வைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அருமையான கேம், மறுக்கவில்லை. ஆனால் இருவருமே இரண்டு ஸ்டிக்கையும் ஓட்டிக்கொண்டு தாவ வேண்டும். தூணைச் சுற்றும் பயிற்சி கைவராதவருக்கு அது முதல் கேம் அல்ல, மூன்றாவதாக இருக்கட்டும்.

எந்த கேம் என்றாலும் தொடக்கத்தில் கடினம் எவ்வளவு என்று கேட்கும். 'ஈஸி' அல்லது 'ஸ்டோரி'யைத் தேர்ந்தெடுங்கள். இதில் கௌரவம் பார்ப்பவர்கள் எதிரியிடம் அடிவாங்கியே சனிக்கிழமையைக் கழிப்பார்கள். வசன எழுத்தையும் பெரிதாக்கிவிடுங்கள். நாலறை வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் இடையில் இரண்டரை, மூன்று மீட்டர் இருக்கும். கணினிக்கு முன் உட்கார்ந்து செய்தவர்கள் வைத்த எழுத்து அவ்வளவு தூரத்துக்கு எறும்பு மாதிரி தெரியும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் உறையின் தரக்குறியைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஏடிவி16 என்றால் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்ற ஆலோசனை. எம்18 என்றால் 18 வயதுக்குக் கீழ் விற்கவே கூடாது. இணையக் கடையில் வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது உங்கள் கடன் அட்டைக்குப் பாதுகாப்பு.

வட்டைப் போட்டதும் ஆட முடியாது

பட வட்டு செருகியதும் ஓடும். கேம் வட்டு அப்படியல்ல, அதிலுள்ளது முழுக்கப் பெட்டியின் சேமிப்பகத்துக்கு நகலாக வேண்டும். அப்புறம் இணையத்திலிருந்து திருத்தங்கள் இறங்கும். சில கேம்களில் அவை பத்துப் பத்து ஜிபியாக வரும். அத்தனையும் முடிந்த பிறகும் ஆடும்போது வட்டு உள்ளே இருக்க வேண்டும். முதல் பிளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 667தான், பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தொடும். விருந்தினர் வந்த பிறகு வட்டைத் திறந்தால் எல்லோரும் நீலப் பட்டை நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தின நாளே போட்டு வைத்துவிடுங்கள்.

வீட்டில் 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இருந்தால் 50 ஜிபி கணக்குப்படி ஏழு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். வைஃபை 200 எம்பிபிஎஸ்தான் தருகிறது என்றால் அரை மணி நேரத்துக்கு மேல். 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறை) சுவர் வைஃபைக்குப் பெரிய எதிரி. இரும்புக் கம்பி போட்ட கனமான கான்கிரீட் என்பதால் ரவுட்டர் அதற்குள்ளேயோ அதன் மறுபக்கமோ இருந்தால் ஹாலுக்கு வருவது மிச்சம்மீதிதான். ஒரு நெட்வொர்க் கேபிளைச் சுவரோரமாக இழுத்துப் பெட்டியில் செருகுவதைவிட நல்ல வழி கிடையாது.

சூடு, கரப்பான், சுவிட்ச்

கேம் ஆடும்போது பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் இழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட்; யூனிட் 30 காசு என்று வைத்தால் 12 காசுதான், பணம் பெரிதல்ல. ஆனால் அந்த 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். படம் ஓடும்போது கதவு மூடிய டிவி மேசைக்குள் அமைதியாக இருந்த பெட்டி, கேம் போட்டதும் இரைய ஆரம்பிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். பின்புறம் ஒரு கை அகலத்துக்கு இடம் விடுங்கள், மேசைக் கதவைத் திறந்தே வையுங்கள். மாதம் ஒரு முறை காற்றுத் துளைகளில் தூசியை உறிஞ்சுங்கள். வெதுவெதுப்பும் இருட்டும் சேர்ந்த இடம் கரப்பானுக்கு மாளிகை. பழுதுபார்ப்பவர்கள் பெட்டியைத் திறந்தால் மின்சாரப் பகுதியில் கருகிக் கிடக்கும் கரப்பானைப் பார்ப்பது அபூர்வமே இல்லை. அதே மேசையில் முறுக்குத் தட்டு வைக்காமல் இருப்பது பெட்டியின் ஆயுளுக்கு நல்லது.

ஆட்டத்தை நிறுத்தும் முறையும் படத்திலிருந்து வேறு. கேம் தானாகச் சேமிக்கும்போது திரையின் மூலையில் சின்னம் ஒன்று சுழலும். அது சுழலும்போது எதையும் அணைக்கக் கூடாது. படம் முடிந்ததும் சுவரில் பிளக் சுவிட்ச்சைத் தட்டிவிட்டுப் படுக்கப் போகும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். பிளேஸ்டேஷன் 5இல் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது அணையவில்லை, ஓய்வில் இருக்கிறது, உள்ளே ஏதாவது இறங்கிக்கொண்டும் இருக்கலாம். அந்த நேரத்தில் சுவிட்ச்சைத் தட்டினால் அடுத்த முறை சேமிப்பகத்தைச் சரிபார்க்கிறேன் என்று நிற்கும், சமயத்தில் ஆடிய ஆட்டமும் போய்விடும். மெனுவில் 'டர்ன் ஆஃப்' கொடுத்து, விளக்கு முழுக்க அணைந்த பிறகு சுவிட்ச்சுக்குப் போங்கள். கன்ட்ரோலரை மட்டும் மறுபடி இழுப்பறையில் போடாமல் சார்ஜில் விட்டுவையுங்கள்.